மின்கம்பியில் எஞ்சிய தளை



ஒரு நாடு விடுதலை பெற்றது என்பதற்கு உலகம் காணும் அடையாளங்கள் மூன்று. கொடி ஏறுகிறது, எல்லையில் காவல் நிற்கிறது, பள்ளியில் தாய்மொழி ஒலிக்கிறது. இம்மூன்றும் வாய்த்த பின்னரும், அந்நாட்டு வீடுகளில் எரியும் விளக்கின் மின்துடிப்பை வேறொரு நாட்டுத் தலைநகர் ஆண்டுகொண்டிருக்குமானால், அதனை முழு விடுதலை என்று கூறவியலுமா? இவ்வினாவுக்கு விடைகாண முப்பத்து நான்கு ஆண்டுகள் உழைத்த மூன்று சிறிய நாடுகளின் வரலாறு இவ்வவையில் எண்ணிப் பார்க்கத் தக்கது.

பால்டிக்குக் கடலின் கீழைக்கரையில் எசுத்தோனியா, இலாத்துவியா, இலித்துவேனியா என்னும் நாடுகள் உள்ளன. மூன்றும் சேர்ந்தே ஏறத்தாழ 60 இலக்கம் மக்கள்தாம். ஆயினும் மூன்று மொழிகள், மூன்று இலக்கியங்கள். 1940-இல் சோவியத்து ஒன்றியம் இந்நாடுகளை விழுங்கியது. 1989 ஆகத்து 23-ஆம் நாள், தாலின் முதல் வில்னியசு வரை, ஏறத்தாழ இருபது இலக்கம் மக்கள் கைகோத்து நின்று தம் உரிமையை உலகுக்கு உரைத்தனர். 1991-இல் விடுதலை கிடைத்தது. ஆனால் தண்டவாளத்திலும் மின்கம்பியிலும் தளை எஞ்சி நின்றது.

தண்டவாளத்தின் கதை சார் மன்னர் காலத்தது. 1862-இல் வில்னியசு வழியாகப் பீட்டர்சுபர்க்கையும் வார்சாவையும் இணைத்த இருப்புப்பாதை முற்றுப்பெற்றது. ஈராண்டு கழித்து, இலத்தீன் எழுத்தில் இலித்துவேனிய நூல்களை அச்சிடுவதற்கு அதே ஆட்சி தடை விதித்தது. 1904 வரை நாற்பதாண்டுகள் அத்தடை நீடித்தது. எளிய உழவர்கள், எல்லைக்கு அப்பால் பிரசியாவில் அச்சான நூல்களை முதுகில் சுமந்து, காவலர் கண்ணுக்குத் தப்பிக் கொணர்ந்து தம் மொழியைக் காத்தனர். எழுத்துத் தடை ஒழிந்தது. பாதையின் அகல வேறுபாடோ இன்றும் எஞ்சி நிற்கிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் தண்டவாள இடைவெளி 1,435 மில்லிமீட்டர், இங்கே 1,520. இந்த 85 மில்லிமீட்டர் வேறுபாட்டால், கிழக்கே தங்குதடையின்றி ஓடும் வண்டி மேற்கெல்லையில் நின்றுவிடுகிறது.

மின்வலையின் தளை இதனினும் நுண்ணியது. மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 முறை துடிப்பது. ஒரு வலையிற் சேர்ந்த மின்னாக்கப் பொறிகள் அனைத்தும் அவ்வொரே துடிப்பிற் சுழல வேண்டும். தேவை மிகுந்தால் துடிப்புத் தாழும், குறைந்தால் உயரும். அதனை நிகர்செய்து காப்பவனே அவ்வலையின் ஆண்டை. 1991-க்குப் பின்னும் இம்மூன்று நாடுகளின் துடிப்பைக் காத்துவந்த இடம் மாசுகோ.

2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின் இந்நாடுகள் மேற்கை நோக்கிக் கம்பி நீட்டத் தொடங்கின. இலித்துவேனியா தன் இக்னாலினா அணுமின் நிலையத்தை 2009-இன் இறுதியில் மூடியமையால் தேவை மேலும் கூடியது. பின்லாந்திலிருந்தும் சுவீடனிலிருந்தும் கடலடி வடங்கள் வந்தன. 2015-இல் போலந்துடன் 500 மெகாவாட்டு இணைப்பு அமைந்தது. ஆயின் இவை நேர்மின்னோட்ட இணைப்புகள். மின்னாற்றலைக் கொணரும், துடிப்பைக் கொணரா. உருசிய மின்னாற்றலை வாங்குவதை 2022 மே மாதத்தில் நிறுத்திய பின்னும் உருசியத் துடிப்பு அவர்கள் கம்பியில் ஓடியதன் கரணியம் இதுவே. 2025 பிப்பிரவரி 8-ஆம் நாள் அத்தொடர்பை மூன்று நாடுகளும் அறுத்தன. ஒரு நாளுக்கு மேல் தனித்தே இயங்கின. 9-ஆம் நாள் போலந்து வழியாக ஐரோப்பியப் பெருவலையோடு ஒத்தியங்கத் தொடங்கின. ஊர்கள் இருளவில்லை.

இதற்கு ஏறத்தாழ 160 கோடி யூரோ செலவாயிற்று. அதில் 120 கோடிக்கு மேல், அதாவது நான்கில் மூன்று பங்கு, ஒன்றியத்தின் பொதுக் கருவூலம் நல்கியது. பொதுப்பணம் ஏன் வேண்டும்? வணிகர் போடலாகாதா என்பார் உளர். வணிகன் ஊதியம் காணும் இடத்தில் முதலிடுவான். அது அவன் இயல்பு. நாடோ தன் தலைநகரை நோக்கியே பாதை போடும். எல்லையோரத்து இறுதிக் காதம் இருவர்க்கும் புறம்பாகி, எவர் கணக்கிலும் ஏறாது கிடக்கும். அதன் பயன் தெரிவது இடர் வந்த அன்று. நாள்தோறும் விற்கவியலாத காப்பு அது. அத்தகைய காப்பைப் பொதுவில் வாங்குவதே முறை.

எல்லை கடந்த பிணையங்களுக்கு 1992-இல் கையொப்பமான மாசுதிரிக்கு உடன்படிக்கையே இடம் வகுத்தது. ஐரோப்பாவை இணைக்கும் நல்கைத் திட்டம் 2013-இல் சட்டமாயிற்று. 2021 முதல் 2027 வரைக்கு அதற்கு ஒதுக்கிய தொகை 3,371 கோடி யூரோ: போக்குவரத்துக்கு 2,581 கோடி, ஆற்றலுக்கு 584 கோடி, மின்னியல் தொடர்புக்கு எஞ்சியது. ஒரு கம்பி இரு நாடுகளுக்குப் பயன்படுமாயின், எவர் எத்துணைப் பங்கு செலுத்துவது என்பதை இருநாட்டு ஒழுங்குமுறை அமைப்புகளும் பயனை அளந்து முடிவுசெய்ய வேண்டும். 2028 முதலான ஏழாண்டுகளுக்கு 8,140 கோடி யூரோ என 2025 சூலையில் ஒன்றியத்தின் ஆணையம் முன்மொழிந்தது.

எனினும் நல்கை என்பது கேளாது கொட்டும் மழையன்று. தாலினிலிருந்து ரீகா வழியாகப் போலந்து எல்லைவரை 1,435 மில்லிமீட்டர் அகலத்தில் 870 கிலோமீட்டர்ப் புதுப்பாதை அமைக்கும் இரயில் பால்டிக்காத் திட்டமே இதற்குச் சான்று. மூன்று நாடுகளும் 2014-இல் இதற்கெனக் கூட்டு நிறுவனம் கண்டன. ஏற்கத்தக்க பணிகளுக்கு ஒன்றியம் 85 விழுக்காடு வரை நல்குகிறது. ஆயின் 2017-இல் 580 கோடி யூரோ என்று மதித்த செலவு 2,380 கோடியை எட்டக்கூடும் என்று மூன்று நாட்டுக் கணக்காய்வு அமைப்புகளும் 2024 சூனில் கூட்டாக அறிவித்தன. காலத்தாழ்வும், விலையேற்றமும், மூவரும் ஒருமிக்க முடிவெடுக்கத் தயங்கியமையும் சுமையைப் பெருக்கின. பொதுப்பணம் வருகிறதே என்று கணக்கைத் தளர்த்துகின்ற நாடு, பிறர் பணத்தை மட்டுமன்றித் தன் மதிப்பையும் இழக்கும்.

மேற்கே இணைவது மற்றோர் அடிமைத்தனம் அன்றோ என்று ஐயுறுவாரும் உண்டு. ஐயம் தக்கதே, விடையும் தெளிவானது. பழைய வலையில் அவர்கள் இணைக்கப்பட்டனர். புதிய வலையில் அவர்கள் இணைந்தனர். பழையதன் நெறியை ஒரு தலைநகர் வகுத்தது. புதியதன் நெறியை வகுக்கும் அவையில் அவர்கட்கும் இருக்கையும் வாக்கும் உண்டு. கம்பி ஒன்றே, அதன் முனையில் உரிமை இருக்கிறதா, ஆணை இருக்கிறதா என்பதே வேறுபாடு.

சிறிய நாடு தனித்து நின்று அழியவும் வேண்டா. பெரியதிற் கரைந்து மறையவும் வேண்டா. தன் மொழியைத் தானே காத்து, தன் கணக்கைத் தானே ஆய்ந்து, பொதுச்சுமையைப் பிறரோடு பகிர்ந்து நிற்றல் கூடும். அவ்வாறு நிற்கலாம் என்பதற்கு அம்மூன்று நாடுகளின் வீடுகளில் இன்றிரவும் எரிகின்ற விளக்குகளே சான்று.