தொழுநோயும் ஒரு மரபணுவும்

(பேளுக்குறிச்சியில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



தொழுநோயைப் பற்றிப் பாடம் நடத்தும்போது ஏதாவது ஒரு வகுப்பில் இந்தக் கேள்வி வந்தே தீரும்: "சார், அது அவங்க பரம்பரையிலேயே வர்ற நோயாமே?" கேட்கிற பிள்ளை யாரையோ மனத்தில் வைத்துத்தான் கேட்கிறது. அந்த யாரோவின் பேரப்பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கவும் கூடும். "இல்லை, கிருமியால் வருகிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போகிறோம். சரியான பதில்தான். ஆனால், தொழுநோய்க்கும் மரபணுவுக்கும் தொடர்பு உண்டு என்று எங்கோ படித்துவிட்டு வந்த பத்தாம் வகுப்பு மாணவி மடக்கிக் கேட்டால் என்ன சொல்வது? அதைத்தான் இன்று பேச நினைக்கிறேன்.

19-ஆம் நூற்றாண்டில் நார்வே நாட்டின் பெரிய தொழுநோய் மருத்துவரான டேனியல்சன், இது பரம்பரை நோய் என்றே உறுதியாக நம்பினார். 1873-இல் நோயாளிகளின் திசுவில் கோல் வடிவ நுண்ணுயிரியைக் கண்டு அந்த நம்பிக்கையை உடைத்தவர் ஹேன்சன். அவர் டேனியல்சனின் சொந்த மருமகன்!

ஆனாலும் ஒரு புதிர் மிஞ்சியது. மனிதர்களில் 100-க்கு 95 பேருக்கு மேல் இந்தக் கிருமி உடலுக்குள் போனாலும் நோய் வருவதில்லை. மீதிப் பேருக்கு மட்டும் ஏன் வருகிறது?

இங்கேதான் இயல்பு நோய்த்தடைக்காப்பு வருகிறது. தடுப்பூசியோ முன்அனுபவமோ இல்லாமல் பிறவியிலேயே வாய்த்த காவல் அது. மலையிலிருந்து இறங்கும் மிளகைச் சந்தையில் வாங்குகிற வியாபாரியை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டை யாருடையது என்று அவர் விசாரிப்பதில்லை. ஒரு பிடி அள்ளி, உருட்டி, நசுக்கிப் பார்க்கிறார். பப்பாளி விதை கலந்திருந்தால் விரலுக்கே தெரிந்துவிடும். நம் விழுங்கு செல்களும் அப்படித்தான். கிருமியின் பெயர் அவற்றுக்குத் தெரியாது. பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும், நம் உடலில் இல்லாத, சில பொருள்களைத் தொட்டு அறிகின்றன. தொட்டறியும் அந்த விரல்களுக்கு டோல் போன்ற ஏற்பிகள் என்று பெயர். (சுங்கச்சாவடி டோல் அல்ல, ஜெர்மன் மொழியில் 'அபாரம்' என்று வியக்கும் சொல். பழ ஈயில் முதலில் கண்ட மரபணுவுக்கு வைத்த பெயர்.)

அந்த மரபணு இல்லாத ஈக்கள் பூஞ்சைத் தொற்றில் மடிவதை 1996-இல் ஹாஃப்மன் குழு காட்டியது. 1998-இல் பாய்ட்லர் குழு எலியில் டி.எல்.ஆர்.4 என்னும் மரபணுவைக் கண்டது. அது பழுதான எலிகளுக்குப் பாக்டீரியா நச்சைச் செலுத்தினால் ஒன்றும் ஆகாது. ஆனால் உயிருள்ள சால்மோனெல்லாவை எதிர்கொள்ள முடியாமல் செத்துப்போகும். நச்சை உணராத உடலுக்கு எதிரி வந்ததே தெரியவில்லை. 2011-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மனிதனின் 4-ஆம் குரோமோசோமில் உள்ள டி.எல்.ஆர்.1 மரபணு இன்னும் சுவையானது. தொழுநோய், காசநோய்க் கிருமிகளின் உறையில் உள்ள கொழுப்புப் புரதங்களை, டி.எல்.ஆர்.2-உடன் சேர்ந்து கண்டுபிடிக்கும் ஏற்பியை இது உண்டாக்குகிறது. அந்தப் புரதத்தின் 602-ஆவது இடத்தில் சிலருக்கு ஐசோலியூசினும் சிலருக்குச் செரினும் இருக்கும். செரின் வகை, செல்லின் மேற்பரப்புக்குச் சரியாக வந்து சேராது. காவலாளி வாசலுக்கே வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவர்களுக்குத் தொழுநோய் அதிகம் வரவேண்டும் அல்லவா?

குறைவாகத்தான் வருகிறது. துருக்கி நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2007-இலும், இந்தியாவில் நடத்திய ஆய்வு 2010-இலும் இதைத்தான் காட்டின. கிருமி இந்த ஏற்பியையே தன் வசதிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது ஒரு விளக்கம். செரின் வகை ஐரோப்பியரிடம் பரவலாகவும் நம்மிடம் குறைவாகவும் இருக்கிறது. 'நல்ல மரபணு', 'கெட்ட மரபணு' என்று கரும்பலகையில் இரண்டு பத்தி பிரித்து எழுதும் பழக்கம் எனக்குப் பிடிக்காததற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

2001-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, தென்னிந்தியக் குடும்பங்களில் உடன்பிறந்தோர் இருவருக்கு நோய் வந்த இடங்களை எடுத்து, 10-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதிக்குத் தொடர்பு இருப்பதைக் கண்டது. ஆக, மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆனால் கிருமி இல்லாமல் எந்த மரபணுவும் தொழுநோயைத் தராது. பெற்றோர் பிள்ளைக்குத் தருவது ஏற்பியின் அமைப்பை மட்டுமே; நோயை அல்ல. ஒரே வீட்டில் இருவருக்கு வருவதற்கு, ஆண்டுக்கணக்கில் ஒரே அறையில் மூச்சுவிட்டதும் காரணம். அந்த மாணவிக்கு இதை இப்படியே சொல்லலாம், அவளுக்குப் புரியும்.

சொல்லும்போது 'அந்தக் குடும்பம்' என்ற பேச்சு வகுப்பில் எழாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. ஒரு பிள்ளையின் தோலில் வெளிறிய அல்லது சிவந்த, உணர்ச்சியற்ற தேமல் தெரிந்தால் பெற்றோரிடம் தனியாகச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசம். வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். மருந்து தொடங்கிய சில நாள்களிலேயே பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடும். அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு வரவேண்டாம் என்று சொல்லக் காரணமே இல்லை. கடைசி பெஞ்சுக்கும் மாற்றாதீர்கள்.