எச்சரிக்கையும் தீர்ப்பும்
(பாகலூரில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் பாகலூர்ப் பக்கம் ஒரே வகுப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் கேட்கும். சிப்காட் வேலைக்கும் ரோஜாத் தோட்டங்களுக்கும் வந்தவர்களின் பிள்ளைகளால் இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்திருக்கின்றன. "அவங்க பிள்ளைகளோட உட்கார வைக்காதீங்க சார்" என்கிறார்கள் சில பெற்றோர். ஏன் என்று கேட்டால், "எதுக்கும் ஜாக்கிரதையா இருக்கலாமே" என்கிறார்கள்.

ஜாக்கிரதை தவறில்லை. பதிவேட்டில் பெயர் இல்லாதவரிடம் மாலையில் பிள்ளையை அனுப்ப மாட்டோம். அவர் உள்ளூர்ப் பிரமுகரானாலும் சரி. அவர் கெட்டவர் என்பதாலா? இல்லை. நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரிந்துவிட்டால் தயக்கம் போய்விடும். "அவர்களே அப்படித்தான்" என்ற பேச்சோ, எதைத் தெரிந்துகொண்டாலும் போகாது.

2023 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. பலர் அஞ்சி ஊர் திரும்பினார்கள். பீகார் அரசின் குழுவே இங்கு வந்து விசாரித்தது. அஞ்சி ரயிலேறியவரை நான் குறை சொல்ல மாட்டேன்; அறியாத ஊரில் குடும்பத்தோடு இருப்பவர் வேறென்ன செய்வார்? ஆனால் தமிழர் எல்லாரும் கொடியவர் என்று பேசியவர்கள் மீது நமக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம். அந்த வாரம் சந்தேகிக்கப்பட்ட கூட்டம் நாம்தான்.

திருட்டைத் தடுக்கிறோம் என்று சொல்லித்தான் ஆங்கிலேயர் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 1871-இல் வடக்கே தொடங்கி, 1911-க்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் அது வந்தது. தனி மனிதர் செய்த குற்றத்தைப் பார்க்கவில்லை. பிறந்த சாதியைப் பார்த்துக் கைரேகை எடுத்தார்கள். எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. 1947-இல்தான் இங்கு சட்டம் ஒழிந்தது. மதுரை, தேனிப் பக்கம் பணியாற்றியவர்களுக்குக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளைத் தெரியும்; அந்தப் பெயரிலேயே பழைய தீர்ப்பின் தழும்பு இருக்கிறது.

சேர்க்கைக்கு வரும் பிள்ளையிடம் வயதுச் சான்று இல்லையென்றாலும், மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் திருப்பி அனுப்பக் கல்வி உரிமைச் சட்டம் இடம் தரவில்லை. எந்தப் பெஞ்சில், யார் பக்கத்தில் என்பதைச் சட்டம் சொல்லாது. அது நம் கையில்.

புகார் சொல்லும் பெற்றோரைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அழையுங்கள். அந்த ஒடிசாத் தாயையும் அழையுங்கள். வேலை நாளில் அவருக்கு ஷிப்ட் இருக்கும். அவருக்கு ஓய்வான நாளைக் கேட்டுக் கூட்டத்தை வையுங்கள்.