நாகா நகரம் சொன்ன பாடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நகராட்சியில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். கணவரின் இறப்புச் சான்றிதழுக்காக ஓர் அம்மா ஐந்து தடவை நடந்தார். ஒவ்வொரு தடவையும், "இன்னொரு தாள் வேணும்மா, அடுத்த வாரம் வாங்க" என்றேன். எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஓய்வுக்குப் பிறகுதான் பிலிப்பைன்ஸின் நாகா நகரைப் பற்றிப் படித்தேன். பிக்கோல் பகுதியில் உள்ள சின்ன ஊர். நம்ம வார்டு மாதிரி 27 பரங்காய்கள். 1988-இல், 29 வயதில், ஜெஸ்ஸி ரொப்ரெடோ அங்கே மேயரானார். 1991-இல் வந்த உள்ளாட்சிச் சட்டம் மணிலாவின் அதிகாரத்தை ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. நாகாவோ அதை மக்களோடும் பங்கு போட்டது. மக்கள் அமைப்புகளின் பிரதிநிதிகள் நகர்மன்றக் குழுக்களில் அமர்ந்து ஓட்டுப் போடலாம் என்று 1995-இல் விதியே செய்தார்கள். பிறகு, எந்த வேலைக்கு என்னென்ன தாள், எவ்வளவு நேரம், யார் பொறுப்பு என்று புத்தகமாகவே அச்சடித்தார்கள்.

2000-இல் ரொப்ரெடோவுக்கு மகசேசே விருது கிடைத்தது. 2012-இல் விமான விபத்தில் மறைந்தார். ஆனால் அரசு அலுவலகங்கள் எல்லாம் இப்படி எழுதி வைக்க வேண்டும் என்று 2007-லேயே அந்த நாடு சட்டம் போட்டுவிட்டது. ஆள் போனாலும் எழுத்து நிற்கும்.

தம்பி, தங்கைகளே! நாளைக்கு அரசு நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். முதல் நாளே அந்தப் பட்டியலை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அந்த அம்மாவுக்கு நான் பட்ட கடன் அப்படியாவது தீரட்டும்.