படகு யாருடையது, துடுப்பு யார் கையில்?

(நமது கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. அன்று வர முடியாத குழுக்கள் கேட்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



இன்றைய கூட்டத்தில் நாம் முடிவு செய்ய வேண்டியது நடவு மெஷின் விஷயம். கூட்டமைப்புப் பணத்தில், மானியமும் கிடைத்தால், ஒரு மெஷின் வாங்கி வாடகைக்கு விடலாமா என்று மூன்று மாதமாகப் பேசிக்கொண்டே இருக்கிறோம். "மெஷின் வந்தா எங்க கைவேலை போயிடுமே" என்று ஒரு பக்கம். "நாம வாங்கலேன்னா பெரிய பண்ணைக்காரங்க வாங்குவாங்க, அப்பவும் வேலை போகத்தானே போவுது" என்று இன்னொரு பக்கம். இரண்டுமே நியாயமான பேச்சுதான். அதை எடுப்பதற்கு முன்னால் ஒரு படகுப் போட்டியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். நடவுக்கும் படகுக்கும் என்னம்மா சம்பந்தம் என்று பின்வரிசையில் ஒரு அக்கா சிரிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஆடிப் பதினெட்டுக்கு நாம் காவிரிக்குப் போய் காதோலை கருகமணி விட்டு, தாலிக்கயிறு மாற்றி, சித்ரான்னம் சாப்பிட்டு வருகிறோம். அதற்குக் கொஞ்ச நாள் தள்ளி, கேரளாவில் ஆலப்புழை பக்கத்தில் புன்னமடைக் காயலில் நேரு கோப்பைப் படகுப் போட்டி நடக்கும். டிவியில் பார்த்திருப்பீர்கள். நீளமான கறுப்புப் படகு, பின்பக்கம் பாம்பு படமெடுத்த மாதிரி தூக்கி நிற்கும். வெளியூர்க்காரர்கள் பாம்புப் படகு என்கிறார்கள். அவர்கள் பாஷையில் சுண்டன் வள்ளம். நூறடிக்கு மேல் நீளம். நூறு பேர் அளவுக்கு ஏறுவார்கள். ஜோடி ஜோடியாக உட்கார்ந்து துடுப்புப் போட, நடுவில் நிற்பவர்கள் பாட்டுப் பாடி, பலகையில் உலக்கை மாதிரிக் கட்டையால் இடித்துத் தாளம் கொடுப்பார்கள். தாளம் தப்பினால் துடுப்பும் துடுப்பும் மோதும், படகு நின்றுபோகும். நடவு வயலில் பாட்டு எடுத்துக் கொடுக்கிற அக்கா இல்லையென்றால் வரிசை கோணுமே, அதே கதைதான்.

1952-ல் பிரதமர் நேரு ஆலப்புழைக்கு வந்தபோது அவருக்காக ஒரு போட்டி வைத்தார்கள். அவர் உற்சாகத்தில் ஜெயித்த நடுபாகம் சுண்டனிலேயே ஏறிவிட்டார். டெல்லி போனதும் வெள்ளியில் ஒரு படகு செய்து அனுப்பினார். அந்தக் கோப்பைக்குத்தான் இன்றும் போட்டி. வெள்ளம், கொரோனா, நிலச்சரிவு என்று சில வருஷம் தள்ளிப் போயிருக்கிறது, சில வருஷம் நடக்காமலும் போயிருக்கிறது. 2024-ல் இறுதிப் போட்டியில் காரிச்சால் சுண்டன் ஜெயித்தது. இரண்டாவது வந்த படகுக்கும் அதற்கும் இருந்த வித்தியாசம் ஒரு வினாடியை இருநூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு! கண்ணால் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேகத்தைப் பற்றி இல்லை. அந்தப் படகு யாருடையது என்பதைப் பற்றி.

அந்த ஊர்ப்பக்கம் குட்டநாடு. நம்மைப் போல நெல் நாடு. நமக்காவது மேட்டூர் திறந்தால் தண்ணீர் வரும். அங்கே கடல் மட்டத்துக்குக் கீழே, ஆளுயரத்துக்கும் அதிகமான பள்ளத்தில் கூட வயல் இருக்கிறது. வரப்புக்குப் பதில் பெரிய பெரிய கரை போட்டு, தண்ணீரை வெளியே இறைத்துவிட்டு விதைக்கிறார்கள். நாற்று நடுவது, களை எடுப்பது, அறுப்பு எல்லாம் பெண்கள் செய்த வேலை. அறுத்த நெல்லை மாட்டு வண்டியிலா ஏற்ற முடியும்? ரோடே கிடையாது. கெட்டுவள்ளம் என்று ஒரு பெரிய சரக்குப் படகு. ஆணியே அடிக்காமல், பலகையைக் கயிற்றால் தைத்துக் கட்டினது. கெட்டு என்றால் கட்டு. முப்பது டன் வரை ஏற்றும். மூங்கில் கழி ஊன்றித் தள்ளுவார்கள், காற்று அடித்தால் பாய் விரிப்பார்கள். (நம்ம பக்கமும் வேதாரண்யம் உப்பு, வாய்க்கால் வழியாகப் படகில்தான் போனது. இப்போது சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறது.)

அப்புறம் ரோடு வந்தது, பாலம் வந்தது, லாரி வந்தது. கெட்டுவள்ளத்துக்கு வேலை போச்சு. ரொம்பப் படகு கரையில் கிடந்து மக்கியது. 1990-களில் அதன்மேல் ரூம் கட்டி, கட்டில் போட்டு, சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு ஆலப்புழையில் பார்க்கிற போட் ஹவுஸ் எல்லாம் அந்த வம்சம்தான். நல்ல வருமானம். ஆனால் கெட்டுவள்ளம் பெரும்பாலும் வியாபாரிகள், நிலக்காரர்கள் கையில் இருந்த தனிச் சொத்து. புதிதாக வந்த லாபமும் யாரிடம் முதல் இருந்ததோ அவர்களுக்கே போனது. காலமெல்லாம் அதில் நெல்லை ஏற்றி இறக்கினவர்கள் பெரும்பாலும் கூலிக்காரர்களாகவே நின்றார்கள்.

சுண்டன் வள்ளத்தின் கதை வேறு. அது சரக்குப் படகே இல்லை. அந்தக் காலத்து ராஜாக்களின் சண்டைப் படகு. சண்டை ஒழிந்து எத்தனையோ காலம் ஆச்சு. கணக்குப்படி பார்த்தால் அது முதலில் அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. ஏனென்றால் பல சுண்டன்கள் ஊர்ச் சொத்து. ஊரை அங்கே கரை என்பார்கள். வீட்டுக்கு வீடு பங்கு போட்டு, பல லட்சம் திரட்டி மரம் வாங்கி, ஆசாரியை வைத்துச் செய்கிறார்கள். வருஷா வருஷம் எண்ணெய் பூசி, கொட்டகையில் ஏற்றிவைத்துப் பாதுகாக்கிறார்கள். நம் சந்தாவும் சேமிப்பும் மாதிரிதான், தொகைதான் பெரிசு. பம்பை ஆற்றில் ஆறன்முளை என்று ஒரு கோயில் ஊர். அங்கே 52 கரைக்கு 52 பள்ளியோடம். ஒவ்வொன்றும் அந்தந்தக் கரையுடையது.

வெளிநாட்டிலும் இதே அனுபவம் உண்டு. லண்டனில் தேம்ஸ் நதியில் பாய்மரச் சரக்குப் படகுகள் ஓடின. வைக்கோல் போரை மலை மாதிரி ஏற்றிக்கொண்டு பட்டணத்துக் குதிரைகளுக்குக் கொண்டுபோகும், திரும்பும்போது குதிரைச் சாணத்தை வயலுக்கு எருவாக ஏற்றிவரும். 1863-ல் ஹென்றி டாட் என்ற குப்பைக் காண்டிராக்டர், அந்தப் படகுகளும் படகோட்டிகளும் மதிப்புப் பெற வேண்டும் என்று அவற்றுக்குள் பந்தயம் வைத்தார். 1970-க்குப் பிறகு பாயை மட்டும் நம்பிச் சரக்கு ஏற்றும் படகு அங்கே இல்லை. ஆனாலும் பழைய படகுகளைச் சில அறக்கட்டளைகளும் சில குடும்பங்களும் காப்பாற்றி, இன்னமும் பந்தயம் விடுகிறார்கள். வேலை போனபிறகும் யாராவது சொந்தம் கொண்டாடினால்தான் பொருள் மிஞ்சும்.

அப்போ பொதுவா வாங்கிட்டா போதும், மெஷினை இன்னிக்கே வாங்கிடலாம்னு கையைத் தூக்கிடாதீங்க. இன்னொரு பக்கம் இருக்கிறது.

கரைச் சொத்து என்றேனே, அந்தக் கரையில் பெண்கள் இல்லையா? பங்குப் பணத்தில் அவர்கள் பிடித்த மிச்சமும் இருக்கிறது. ஆனால் ஆறன்முளைப் பள்ளியோடத்தில் பெண்கள் ஏறக்கூடாது என்பது வழக்கம். அது கோயில் வழக்கம், அதில் நான் தலையிடவில்லை. புன்னமடையில் பெண்களுக்கு என்று தனிப்போட்டி உண்டு. தெக்கனோடி என்ற சின்ன வகை வள்ளத்தில் பெண்கள் சீருடைப் புடவை கட்டி, துடுப்புப் போட்டு, பாடிக்கொண்டு போவார்கள். நன்றாகவே போடுகிறார்கள். ஆனால் வெள்ளிக் கோப்பை சுண்டனுக்குத்தான். மறுநாள் பேப்பரில் படம் வருவதும் சுண்டனுக்குத்தான்.

இதே ஆலப்புழையில்தான் 1990-களின் தொடக்கத்தில் ஏழைப் பெண்களின் அக்கம்பக்கக் குழுக்களை முயன்று பார்த்தார்கள். அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ. இங்கே நமக்கு 1989-ல் தர்மபுரியில் ஆரம்பித்த மாதிரி. குழு நடத்தத் தெரிந்த பெண்கள் உள்ள ஊரிலேயே பெரிய படகின் துடுப்பு அவர்கள் கைக்கு வரவில்லை என்றால், பங்கு வேறு, துடுப்பு வேறு என்றுதான் அர்த்தம்.

இன்னொரு விஷயம். கோப்பை ஜெயிக்கணும் என்ற வெறியில் கிளப்புகள் வெளிமாநிலத்திலிருந்து கூலிக்குத் துடுப்புக்காரர்களைக் கூட்டி வந்தார்கள். ஊர்க்காரன் கரையில் நின்று கைதட்ட, வெளியாள் படகில். அது கூடாது என்று அதற்கு ஒரு வரம்பு வைத்துவிட்டார்கள். நமக்கும் அந்த வரம்பு தேவைப்படும்.

ஏன் சொல்கிறேன் என்றால், கதிர் அறுக்கும் மெஷின் வந்தபோது யாரும் நம்மைக் கேட்கவில்லை. அறுப்புக் கூலி நெல் போச்சு. வைக்கோலும் நசுங்கிப் போச்சு. இப்போது நடவு. இதில் மட்டும்தான் நம்மிடம் கொஞ்சம் பணமும் கொஞ்சம் நேரமும் இருக்கிறது.

என் அபிப்பிராயம், வாங்கலாம். ஆனால் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மூன்று கேள்விக்கு ஒவ்வொரு குழுவும் பதில் எழுதிக் கொண்டுவர வேண்டும். மெஷினை ஓட்டுவது யார்? உறுப்பினர் வீட்டு ஆம்பிளை என்று எழுதாதீர்கள், ஓட்டப் பழக வரும் இரண்டு பெண்களின் பெயரை எழுதுங்கள். பயிற்சிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். பாய் நாற்றங்கால் போடும் வேலை எந்தக் குழுவுக்கு? மெஷினுக்குத் தனி நாற்று வேண்டும், அதில் கைவேலை நிறைய இருக்கிறது, அந்தக் கூலியை வெளியில் விடக்கூடாது. மூன்றாவது, வாடகை லாபத்தில் நடவு வேலையை இழக்கிற நிலமில்லாத உறுப்பினருக்கு எவ்வளவு? பங்கு போட்ட எல்லோருக்கும் சமம் என்றால் நிலம் உள்ள அக்காவுக்கும் நடவே பிழைப்பாக உள்ள அக்காவுக்கும் ஒரே தொகை வரும். அது சரியா என்று நீங்கள்தான் பேச வேண்டும். கோபமாகக்கூடப் பேசுங்கள், பரவாயில்லை.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை பதினொரு மணிக்கு, ஊக்குநரும் பிரதிநிதியும் மட்டும் வந்தால் போதாது. நிலமில்லாத உறுப்பினர் குழுவுக்கு ஒருவராவது வர வேண்டும். பஸ் செலவை கூட்டமைப்பு ஏற்கும். மெஷின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அன்றைக்கே முடிவு செய்துவிடலாம்.