மலைமகளிரின் மௌனம்



கினிகத்தேனையிலிருந்து ஹட்டனை நோக்கிச் செல்வோர், மலைச்சரிவுகளிலே கொழுந்து பறிக்கும் பெண்களைக் காண்பர். தேயிலைப் பொட்டலங்களிலும் உல்லாசப் பயண விளம்பரங்களிலும் இவர்களுடைய படத்தைக் காணாதார் யார்? அப்படங்களில் வானம் நீலமாயிருக்கும், சேலை புதிதாயிருக்கும், முகத்திலே மாறாத புன்னகை தவழும். மழையும் இராது, அட்டைக்கடியும் இராது, இடுப்பிற் கட்டிய படங்கும் இராது.

இத்தகைய பொய்த்தோற்றத்தை வெறுத்துத் தூரிகை எடுத்தவர்களுள் ஒருவர் அம்ரிதா ஷேர்கில். 1913ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரிற் பிறந்து, பாரிஸில் ஓவியம் பயின்று, 1934இன் இறுதியில் இந்தியா திரும்பியவர். பயண விளம்பரங்கள் காட்டும் பகட்டான இந்தியா உண்மை இந்தியா அன்று என்பது அவர் கருத்து. ஏழை மக்களின் வாழ்வைத் தீட்டுவதே தம் பணியெனத் துணிந்தார். அத்துணிவின் பயனாக 1935இல் பிறந்ததே 'மலைவாழ் பெண்கள்' என்னும் ஓவியம். 1978இல் இந்திய அஞ்சல் துறை அதனைத் தபால் தலையாகவும் வெளியிட்டது.

அவ்வோவியத்தில் நிகழ்ச்சி எதுவும் இல்லை. முக்காடிட்ட பெண்கள் நெருங்கி நிற்கின்றனர், அவ்வளவே. ஒருவரோடொருவர் பேசுவதாகவும் தோன்றவில்லை. கண்ணீர் ஒரு துளியும் இல்லை. ஆயினும் துயரம் நம்மை வந்து தொடுகின்றது. எங்ஙனம்? நெடிய உடல்களின் அசைவின்மையும் தாழ்ந்த பார்வையும் அதனை உணர்த்துகின்றன. ஓவியத்தின் உணர்வை அறிய விரும்புவோர், முகத்தோடு நின்றுவிடாது, உடல் நிற்கும் நிலையையும் நோக்குதல் வேண்டும். நாள் முழுதும் கூடை சுமந்தவளின் களைப்பு அவள் தோளிலன்றோ தெரியும்!

எனினும் ஒன்றை மறத்தலாகாது. ஷேர்கில் செல்வக் குடியிற் பிறந்தவர். வெளியே நின்று பார்த்தவர். அவர் கண்டவை துயரமும் பொறுமையும். நம் பெண்களிடம் வேறும் உண்டு. நிரையிலே நின்றபடி பேசும் கேலி உண்டு, மடுவத்திலே கொழுந்து நிறுக்கும்போது நிறை குறைந்தால், "ஏன் குறைந்தது?" என்று கேட்கும் துணிவும் உண்டு. விளம்பரப் புன்னகை இவற்றை மறைத்தது. இரக்கத்தோடு தீட்டிய ஓவியமும் இவற்றை முழுமையாகக் காட்டவில்லை.

ஆகவே, ஆசிரிய நண்பர்களே, இவ்விரு படங்களையும் மாணவர்முன் ஒருங்கே வையுங்கள். "உன் அன்னையை ஒத்தது எது?" என்று கேளுங்கள். இரண்டும் அல்லவென்று ஒரு பிள்ளை கூறுமாயின், அதன் கையிலே தாளையும் வண்ணத்தையும் கொடுங்கள்.