பனிக்கால மலைநாட்டில் கோழிக் கொட்டில்

வீட்டுக் கொல்லையில் பத்துக் கோழிகளை வளர்த்து, முட்டையைக் குழந்தைகளுக்கும் மிஞ்சியதைச் சந்தைக்கும் தருகின்ற குடும்பங்கள் நம் நாடெங்கும் உள்ளன. தென்னாட்டில் ஒரு பஞ்சாரமே அவற்றுக்குப் போதுமானது. காஷ்மீரப் பள்ளத்தாக்கில் நிலைமை வேறு. டிசம்பர் 21-ஆம் நாள் தொடங்கும் ‘சில்லை கலான்’ என்னும் 40 நாட் கடுங்குளிரில், இரவு வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரிக்கு இறங்குவது அங்கு புதிதன்று. அந்த நாட்களைக் கோழிகள் கடந்து நிற்பது, பனிக்கு முன்பே நாம் எழுப்பும் கொட்டிலைப் பொறுத்ததாகும்.

குளிர் என்றவுடன், துளைகளையெல்லாம் அடைத்துவிட வேண்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது. இஃது அன்பினால் நேரும் பிழை. கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி. இறகுகளைச் சிலிர்த்து, அவற்றினிடையே காற்றைத் தேக்கி, வறண்ட குளிரை அது நன்கு தாங்கிக்கொள்ளும். ஈரத்தைத் தாங்குவதுதான் அரிது. மூச்சிலும் எச்சத்திலும் எழும் ஈரம் வெளியேறாவிடில், அது கொண்டையில் படிந்து உறைய, அப்பகுதி கருகி அழியும். எச்சத்தினின்று எழும் அம்மோனியா வாயுவோ கண்ணையும் மூச்சுக் குழலையும் கெடுக்கும்.

ஆகவே, கோழி ஒன்றுக்கு 4 சதுர அடியாக, பத்துக் கோழிகளுக்கு 8 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள கொட்டிலைத் தெற்கு நோக்கி அமைப்போம். தரையை ஓர் அடி உயர்த்தி, உமியும் மரச்சீவலும் 6 அங்குலம் பரப்புவோம். கோழிகள் உறங்கும் கட்டை 3 அங்குல அகலத்தில் தட்டையாக இருத்தல் வேண்டும். அப்பொழுதுதான் அமர்ந்த கோழியின் இறகு அதன் விரல்களை முழுதும் மூடும். காற்றுத் திறப்புகளைக் கோழிகளின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி வைப்போம். வாடைக் காற்று கோழிகளின் மேல் நேரே வீசலாகாது. காலையில் உட்கூரையில் நீர்த்துளி தென்பட்டால் திறப்புப் போதாது என்று அறியலாம்.

காற்றுக்கு விட்ட வழி நரிக்கும் வழியாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. பனிக்காலத்தில் இரை கிட்டாத நரியும் காட்டுப் பூனையும் மரநாயும் வீட்டை நாடி வரும். வழக்கமான கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றிப் பகையை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணுள்ள உறுதியான பற்றுவைத்த கம்பி வலையையே எல்லாத் திறப்புகளிலும் அடித்தல் வேண்டும். கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள்கள் நலம்.

கொட்டிலை அடுத்து, கோழி ஒன்றுக்கு 10 சதுர அடியாக, உலாவும் முற்றம் ஒன்று அமைப்போம். அதன் வேலியடியில் வலையை வெளிப்புறமாக ஒன்றரை அடி மடித்து மண்ணில் புதைத்தால், தோண்டி வரும் விலங்கு வலையில் முட்டித் திரும்பும். மேலே வலை மட்டுமிருப்பின் பனிச்சுமையில் அறுந்து விழக்கூடும். எனவே சரிவான தகரக் கூரை வேய்தல் நலம்.

காங்கிரி என்னும் கணப்புச் சட்டியையோ கரியடுப்பையோ கொட்டிலுக்குள் வைத்தல் ஆகாது. காய்ந்த உமியில் ஒரு பொறி போதும். கரிப்புகையின் நஞ்சோ ஓசையின்றிக் கொல்லும். காலையும் மாலையும் வெதுவெதுப்பான நீரும், அடையுமுன் ஒரு பிடி மக்காச்சோளமும் கொடுத்தால், வேண்டிய சூட்டைக் கோழி தானே உண்டாக்கிக்கொள்ளும்.

அந்நாட்களில் பகல் வெளிச்சம் ஏறத்தாழ 10 மணி நேரமே. நிறைய முட்டையிட 14 மணி நேர வெளிச்சம் வேண்டுமாதலின், முட்டை குறைவதை நோயென்று எண்ணிக் கோழியை விற்றுவிட வேண்டா. பகல் நீளும்போது முட்டையும் பெருகும். அதுவரை உலர்ந்த தரையும் தூய காற்றும் உறுதியான தாழ்ப்பாளும் அவற்றுக்கு அளிப்பது நம் கடமை.