எண்பதும் இருபதும்: நைட்ரோ ஏற்றத்தில் ஒரு மெத்தில் தொகுதியின் ஆட்சி

ரப்பர் பாலை நுரைக்க வைத்து மெத்தை செய்யும் வழியை 1929இல் டன்லப் நிறுவனத்தார் கண்ட பிறகு, மெத்தையும் நாற்காலித் திண்டும் பால் மரத்தின் சொத்தாயின. மலேசியாவின் பத்து காஜா போன்ற தோட்டப்புற ஊர்களில் இதை விளக்கத் தேவையில்லை. 1950களின் நடுவில் அந்தச் சொத்துக்குப் பங்கு கேட்டு வந்தது பாலியூரித்தேன் நுரை. பெரும்பங்கை எடுத்தும் கொண்டது. அதன் மூலப்பொருளான டொலுவீன் டை ஐசோசயனேட் பீப்பாயில் 80/20 என்று ஒரு குறிப்பு இருக்கும். 2,4 அமைப்பு 80 பங்கு, 2,6 அமைப்பு 20 பங்கு. இந்தக் கணக்கைப் போட்டது எந்த ஆலையும் அல்ல, டொலுவீன் வளையத்தில் தொங்கும் மெத்தில் தொகுதிதான் என்பது என் வாதம்.

டொலுவீனில் இரண்டு நைட்ரோ தொகுதிகளை ஏற்றி, பின்னர் அவற்றை ஐசோசயனேட்டாக மாற்றியே இந்த மூலப்பொருளைச் செய்கிறார்கள். நைட்ரிக், கந்தக அமிலக் கலவையில் பிறக்கும் நைட்ரோனியம் அயனி எலக்ட்ரானுக்கு ஏங்குவது. மெத்தில் வளையத்துக்கு எலக்ட்ரானை ஊட்டுகிறது; அதனால் டொலுவீன் பென்சீனைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வினைபுரிகிறது. மெத்திலை ஒட்டிய ஆர்த்தோ இடத்திலோ அதற்கு நேரெதிரான பாரா இடத்திலோ தாக்கினால், இடைநிலையின் நேர்மின்சுமை மெத்தில் நிற்கும் கார்பனிலும் வந்து தங்கும். மெத்தில் அதைத் தாங்கிக்கொள்ளும். இடைப்பட்ட மெட்டாவில் அந்தத் தாங்கல் இல்லை. ஆகவே நூறு மூலக்கூறில் ஏறத்தாழ 59 ஆர்த்தோ, 37 பாரா, 4 மெட்டா. இரண்டாம் நைட்ரோ ஏறும்போது முதல் நைட்ரோ தனக்கு மெட்டா இடத்தைக் காட்டுகிறது, மெத்தில் தனக்கு ஆர்த்தோ, பாராவைக் காட்டுகிறது. இரண்டும் ஒரே இடங்களைத்தான் சுட்டுகின்றன. பாரா வகைக்கு 2,4 தவிர வேறு போக்கில்லை. ஆர்த்தோ வகை மூன்றில் இரண்டு பங்கு 2,4 ஆகவும் ஒரு பங்கு 2,6 ஆகவும் பிரிகிறது. கூட்டிப் பாருங்கள்: 37உம் 39உம் சேர்ந்து 76, எதிரே 20. மெட்டாவின் வாரிசுகளை வழியில் கழித்துவிடுவார்கள். மிஞ்சுவது எண்பதுக்கு இருபது.

இடநெருக்கடிதானே காரணம், எலக்ட்ரானை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். இடநெருக்கடி உண்மையே. மெத்தில் இருந்த இடத்தில் பருத்த டெர்ட்-பியூட்டில் அமர்ந்தால் ஆர்த்தோ சுமார் 16 விழுக்காடாகச் சுருங்கி, பாரா 73க்கு ஏறுகிறது. ஆனால் இடம் தாராளமாக உள்ள மெட்டா அங்கேயும் 11தான். நெருக்கடி ஆர்த்தோவைக் குறைக்கும், மெட்டாவை முதன்மையாக்காது. இதைவிடக் கனமான மறுப்பு வேதியியலாளர் ஜார்ஜ் ஓலா 1961இல் வெளியிட்ட முடிவுகளிலிருந்து எழுந்தது. நைட்ரோனியம் உப்பை நேரடியாகச் சேர்த்தபோது டொலுவீனின் வேகம் பென்சீனைப்போல் இரண்டு மடங்குகூட இல்லை; மெட்டாவோ 3 விழுக்காட்டிலேயே நின்றது. கரைசல் கலக்குமுன் வினை முடிந்ததால் வந்த மயக்கம் என்றனர் சிலர். மயக்கமென்றே வைத்துக்கொள்வோம், இடத்தேர்வு ஏன் கலையவில்லை? திருவிழாக் கூட்டம் கோயில் வாசலுக்குள் யாரைத் தள்ளும் என்பது கூட்டத்தின் கையில். உள்ளே எந்தச் சந்நிதிக்குப் போவது என்பது போனவர் கையில். மெத்தில் ஆள்வது இந்த இரண்டாம் கட்டத்தை.

சந்தையில் 65/35உம் தூய 2,4உம் கிடைக்கின்றனவே என்பது கடைசி ஆட்சேபம். அவை நைட்ரோ ஏற்றத்தை மாற்றிப் பெற்றவை அல்ல. முதல் நைட்ரோ ஏறியதும், 222 பாகையில் கொதிக்கும் ஆர்த்தோவையும் 238இல் கொதிக்கும் பாராவையும் காய்ச்சிப் பிரித்து, ஆர்த்தோவை மட்டும் தொடர்ந்தால் 65/35, பாராவை மட்டும் தொடர்ந்தால் தூய 2,4. பிரிப்பதற்குச் செலவு உண்டு. நுரை ஆலைகளின் கலவைக் குறிப்புகள் பெரும்பாலும் 80/20ஐ ஒட்டியே எழுதப்பட்டிருப்பது அதனால்தான்.